பழைய காரில் ஹெட்லைட் மங்கலாகிடுச்சா? முழு செட்டையும் மாத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் செக் பண்ணுங்க!

10, 15 வருஷம் ஓடிய கார்களில் ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, டயர் மாற்றுவது எல்லாம் ஓரளவு ஒழுங்காக நடந்துவிடும். ஹெட்லைட் மட்டும் "எரியுதுல்ல, போதும்" என்ற கணக்கிலேயே வருஷக்கணக்கில் ஓடும். ஆனால் லைட் எரிவது வேறு, ரோடு தெரிவது வேறு.

வெளிச்சம் ஒரே நாளில் குறைவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் தினமும் ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. ஒருநாள் ராத்திரி புதுக் காரை ஓட்டிப் பார்க்கும்போதுதான் "நம்ம வண்டியில லைட்டே இல்லையே" என்பது உறைக்கும்.

கடையில் கேட்டால், "செட்டையே மாத்திடுங்க சார்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். உண்மையிலேயே முழு செட்டையும் மாற்ற வேண்டுமா? சில நூறு ரூபாயில் சரிசெய்ய முடியாதா? விரிவாகப் பார்க்கலாம்.

மங்கலான ஹெட்லைட் எவ்வளவு ஆபத்து?

அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2018ஆம் ஆண்டு இதை ஆய்வு செய்து பார்த்தது. மஞ்சளாகி மங்கிப்போன ஹெட்லைட்டுகள், புது ஹெட்லைட் தரும் வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதம் மட்டுமே தந்தன. அதாவது ஐந்தில் நான்கு பங்கு வெளிச்சம் காணாமல் போயிருந்தது.

இதை ரோட்டில் வைத்துக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடிக்கு சுமார் 22 மீட்டர் நகர்கிறது. எதிரே ஏதோ நிற்கிறது என்று கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்கவே ஒன்றரை நொடி ஆகும் என்றால், அதற்குள் கார் 33 மீட்டர் போய்விடும். அதன்பிறகு காய்ந்த ரோட்டில் நன்றாக பிரேக் பிடித்து நிற்க இன்னும் சுமார் 36 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் ஏறக்குறைய 70 மீட்டர்.

லைட் வெளிச்சம் 30, 40 மீட்டரோடு முடிந்துவிட்டால்? பின்பக்க விளக்கு இல்லாமல் நிற்கும் லாரியோ, ரோட்டில் படுத்திருக்கும் மாடோ, கருப்புச் சட்டை போட்டு ரோட்டைக் கடப்பவரோ கண்ணுக்குத் தெரியும்போது பிரேக் பிடித்துப் பயனில்லை. மழை பெய்து ரோடு ஈரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

வெளிச்சம் எங்கே தொலைகிறது?

மங்கல் என்றாலே லென்ஸ் மஞ்சளாகிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வெளிச்சம் தொலைய ஐந்து இடங்கள் இருக்கின்றன.

- வயரிங்: பேட்டரியில் இருந்து பல்புக்குப் போக வேண்டிய கரன்ட் முழுசாகப் போய்ச் சேராதது
- பல்பு: எரிந்து எரிந்தே வயசாகிப் போனது
- லென்ஸ்: முன்பக்க பிளாஸ்டிக் மஞ்சளாகி, பனி படர்ந்த மாதிரி ஆனது
- ரிஃப்ளெக்டர்: உள்ளே இருக்கும் வெள்ளி நிறப் பூச்சு கருகியோ உரிந்தோ போனது
- அலைன்மென்ட்: வெளிச்சம் ரோட்டில் விழாமல் பம்பருக்குக் கீழேயோ மரத்து மேலேயோ விழுவது

இதில் ரிஃப்ளெக்டர் போனால் மட்டும்தான் முழு செட்டையும் மாற்றியே ஆக வேண்டும். மற்ற நான்கையும் குறைந்த செலவில் சரிசெய்ய வாய்ப்பு இருக்கிறது. அதனால் எது போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

காசு செலவில்லாமல் கண்டுபிடிப்பது எப்படி?

*தண்ணீர் டெஸ்ட்:* லென்ஸ் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது லென்ஸ் பளிச்சென்று தெரிந்தால், மங்கல் வெளிப்பக்கம்தான் இருக்கிறது. பாலிஷ் போட்டால் சரியாகிவிடும். நனைந்த பிறகும் அப்படியே மங்கலாக இருந்தால் பிரச்சினை உள்பக்கம்.

*டார்ச் டெஸ்ட்:* பல்பைக் கழற்றிவிட்டு மொபைல் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தால் ரிஃப்ளெக்டர் தெரியும். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்க வேண்டும். பல்புக்கு மேலே பழுப்பு நிறத்தில் கருகியிருந்தாலோ, பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தாலோ அந்த செட்டுக்கு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைத்துப் பார்க்கவே கூடாது. மெல்லிய பூச்சு என்பதால் துணியோடு சேர்ந்து வந்துவிடும்.

*மல்டிமீட்டர் டெஸ்ட்:* இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டுக்கொண்டு, பேட்டரியில் எத்தனை வோல்ட், பல்பு கப்ளரில் எத்தனை வோல்ட் என்று அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் கவலை இல்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிங்கில் வேலை இருக்கிறது. எந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனும் ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

ஒரு வோல்ட் குறைஞ்சா என்ன பெருசா ஆகிடும்?

நிறைய ஆகும். ஹாலோஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால், வெளிச்சம் 10 சதவீதம் அல்ல, சுமார் 30 சதவீதம் குறைகிறது. லைட் வெள்ளையாக எரியாமல் மஞ்சள் தட்டிப்போய் எரிவது இதன் அறிகுறி.

பழைய மாடல் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கான மொத்தக் கரன்ட்டும் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் வழியாகவே சுற்றிக்கொண்டு போகும். இரண்டு 55 வாட் பல்புக்கு சுமார் 9 ஆம்பியர் கரன்ட் வேண்டும். வருஷம் ஆக ஆக சுவிட்ச் முனைகள் தேய்ந்து கருகும். எர்த் வயர் பாடியில் சேரும் இடம் துருப்பிடிக்கும். கப்ளர் உருகி லூஸாகும்.

இதற்கு இரண்டு தீர்வுகள். முதலில் எர்த் பாயின்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கி மாட்டுவது. செலவு ஏறக்குறைய இல்லை. அடுத்தது ரிலே வைத்த வயரிங் செட் போடுவது. ரிலே போட்டால் பேட்டரியில் இருந்து கரன்ட் நேராகப் பல்புக்குப் போகும். சுவிட்ச், ரிலேயை ஆன் பண்ணும் வேலையை மட்டும் செய்யும். ஃபியூஸோடு வரும் நல்ல ரிலே செட் சுமார் 500 முதல் 1,000 ரூபாய்க்குள் கிடைத்துவிடும். சுவிட்ச்சுக்கும் ஆயுள் கூடும் என்பது போனஸ்.

பல்பு: ஜோடியாக மாற்றுவதே நல்லது

இந்தியாவில் ஓடும் பழைய சின்ன கார்கள் பலவற்றில் இருப்பது எச்4 வகை பல்பு. ஒரே பல்பில் டிம், பிரைட் இரண்டும் இருக்கும். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். எந்த வகை பல்பு என்பது காரோடு வந்த மேனுவலிலும், பல்பின் அடியிலும் எழுதியிருக்கும்.

ஃபியூஸ் போகவில்லை என்பதற்காகப் பல்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சில நூறு மணி நேரம் எரிந்த பிறகு வெளிச்சம் குறையத் தொடங்கும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டு கண்ணும் இரண்டு விதமாக எரியும். அதனால் ஜோடியாக மாற்றுவது நல்லது. பெயர் பெற்ற நிறுவனத்தின் சாதாரண ஹாலோஜன் பல்பு ஜோடி சுமார் 300 முதல் 600 ரூபாய்க்குள் வரும்.

மாட்டும்போது ஒரு விஷயம்: பல்பின் கண்ணாடியைக் கையால் தொடக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டினால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். தெரியாமல் பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும்.

100 வாட் பல்பு, எல்இடி போடலாமா?

"100/90 போடுங்க சார், பகல் மாதிரி இருக்கும்" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. முதல் சில நாள் பகல் மாதிரிதான் இருக்கும். பிறகு அந்தச் சூட்டில் ஹோல்டர் உருகும், வயர் இளகும், ரிஃப்ளெக்டர் கருகும். 300 ரூபாய் பல்பால் பல ஆயிரம் ரூபாய் செட் வீணாகும்.

எல்இடி விஷயம் கொஞ்சம் வேறு. எச்4 பல்பில் டிம் எரியும் இழைக்கு அடியில் சின்னதாக ஒரு உலோகத் தகடு இருக்கும். வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் தடுப்பது அதுதான். அந்த இழை சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்தே ரிஃப்ளெக்டரின் வளைவு வடிவமைக்கப்பட்டிருக்கும். எல்இடி பல்பில் வெளிச்சம் வரும் இடமும் அளவும் மாறிப்போவதால், வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். காருக்கு முன்னாலேயே பளீரென்று வெள்ளையாக இருப்பதால் நன்றாகத் தெரிகிற மாதிரி தோன்றும். ஆனால் தூரத்தில் வெளிச்சம் குறைவாக இருக்கும், எதிரே பைக்கில் வருபவருக்குக் கண் கூசும்.

சட்டச் சிக்கலும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019ஆம் ஆண்டு திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 182ஏ(4)இன்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க முடியும்.

நீல நிறப் பூச்சு பூசிய "சூப்பர் ஒயிட்" ஹாலோஜனும் ஏமாற்று வேலைதான். அந்தப் பூச்சே வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும்.

மஞ்சள் லென்ஸை வெள்ளையாக்குவது எப்படி?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்து வட்ட ஹெட்லைட்டில் முன்பக்கம் இருந்தது கண்ணாடி. அது மஞ்சளாகாது. பிறகு வந்த கார்களில் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் வந்தது. லேசானது, எளிதில் உடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். இதைத் தடுக்கத்தான் கம்பெனியிலேயே அதன் மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு பூசித் தருகிறார்கள். வருஷக்கணக்கில் வெயிலில் நின்று அந்தப் பூச்சு தேய்ந்து உரியும்போது லென்ஸ் மங்குகிறது.

டூத் பேஸ்ட் போட்டுத் தேய்க்கும் வீடியோக்கள் ஏராளம். அது வேலை செய்யாமல் இல்லை. ஆனால் மிச்சமிருக்கும் பாதுகாப்புப் பூச்சையும் சேர்த்தே தேய்த்துவிடுவதால், கொஞ்ச நாளிலேயே பழையபடி மஞ்சள் ஏறிவிடும். கொசு விரட்டி ஸ்பிரே அடிப்பது அதைவிட மோசம். அது பிளாஸ்டிக்கின் மேல்புறத்தையே கரைத்துவிடும்.

சரியான முறை இதுதான்:

1. லென்ஸைச் சுற்றியுள்ள பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுவது
2. 800 அல்லது 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, மஞ்சள் போகும்வரை சீராகத் தேய்ப்பது
3. பிறகு 1500, 2000, 3000 என்று நைஸ் பேப்பருக்கு மாறுவது. ஒவ்வொரு பேப்பரும் முந்தைய பேப்பரின் கோடுகளை அழிக்க வேண்டும்
4. ரப்பிங் காம்பவுண்ட் வைத்து பாலிஷ் செய்வது
5. நன்றாகத் துடைத்துக் காயவைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிப்பது

ஐந்தாவது வேலையை விட்டுவிட்டால் முதல் நான்கும் வீண். பட்டறையில் பாலிஷ் போடக் கொடுக்கும்போது, "கடைசியில கிளியர் கோட் அடிப்பீங்களா, வெறும் வேக்ஸ்தானா?" என்று கேட்டுவிடுவது நல்லது. வேக்ஸ் சில வாரங்களில் போய்விடும். டிங்கரிங், பெயின்டிங் பட்டறைகளில் காருக்கு அடிக்கும் டூ-கே கிளியரையே லென்ஸுக்கும் அடித்துக் கொடுப்பார்கள். இந்த ஸ்பிரேயின் புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் வீட்டில் சாதாரண மாஸ்க் கட்டிக்கொண்டு அடிப்பது வேண்டாம்.

ஆகும் செலவு, வீட்டிலேயே தேய்த்தால் சில நூறு ரூபாய், வெளியில் கொடுத்தால் சுமார் 1,000 முதல் 2,500 ரூபாய். ஏஏஏ ஆய்வில் இப்படிப் புதுப்பித்த லைட்டுகள், புதுசு தரும் வெளிச்சத்தில் சுமார் 70 சதவீதம் வரை திரும்பப் பெற்றன. 20இல் இருந்து 70 என்பது இந்தச் செலவுக்கு நல்ல லாபம்தான்.

உள்ளே தண்ணீர் கோத்திருந்தால்?

மழைக்குப் பிறகு லேசாக ஆவி படர்ந்து, லைட் போட்ட கொஞ்ச நேரத்தில் போய்விட்டால் அது சகஜம். அடியில் தண்ணீர் தேங்கி நின்றால்தான் கவலை. செட்டை மாற்றும் முன் பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் கவரைப் பார்க்க வேண்டும். பல்பு மாற்றும்போது கிழிந்திருக்கும், அல்லது மாட்டாமலே விட்டிருப்பார்கள். அதை மாற்ற பெரிய செலவில்லை. அப்படியே விட்டால் ரிஃப்ளெக்டரின் பூச்சு சீக்கிரம் உரியும்.

முழு செட்டையும் மாற்றித்தான் ஆகணும் என்றால்?

ரிஃப்ளெக்டர் கருகிப்போனது, லென்ஸ் உடைந்தது, உள்பக்கமே விரிசல் விட்டது. இப்படி இருந்தால் வேறு வழியில்லை. மூன்று இடங்களில் வாங்கலாம்.

*1. கம்பெனி ஒரிஜினல்:* விலை அதிகம். ஆனால் பொருத்தமும் வெளிச்சமும் சரியாக இருக்கும். சர்வீஸ் சென்டரில்தான் மாட்ட வேண்டும் என்பதில்லை. ஒரிஜினல் ஸ்பேர்ஸ் விற்கும் கடையில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து வாங்கி, வெளியில் மாட்டிக்கொண்டால் லேபர் செலவு குறையும்.

*2. வெளி கம்பெனி தயாரிப்பு:* லுமேக்ஸ், யூனோ மிண்டா மாதிரி கார் கம்பெனிகளுக்கே லைட் சப்ளை செய்யும் நிறுவனங்கள், தங்கள் சொந்த பெயரிலும் சந்தையில் விற்கின்றன. சின்ன கார்களுக்கு நடுத்தரச் செலவில் நல்ல தேர்வு. பெயரே இல்லாத டப்பாவில் வரும் மிக மலிவான செட்டில் கவனம் தேவை. ஏஏஏ ஆய்வில் வெளிச்சந்தை லைட்டுகள் 83 முதல் 90 சதவீத வெளிச்சம் தந்தாலும், சிலவற்றில் வெளிச்சம் விழும் கோணம் சரியாக இல்லை என்று தெரியவந்தது.

*3. பழைய பொருள்:* சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய கார்களில் இருந்து கழற்றிய ஒரிஜினல் செட் கிடைக்கும். தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்குப் பல நேரம் இதுதான் வழி. வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

- காரின் பழைய செட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட வேண்டும். ஒரே மாடல் என்றாலும் வருஷத்துக்கு வருஷம், வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும்
- போல்ட் மாட்டும் காதுகள் உடையாமல் இருக்கிறதா, உடைந்து ஒட்டவைத்திருக்கிறார்களா?
- டார்ச் அடித்து ரிஃப்ளெக்டரைப் பார்க்க வேண்டும். லென்ஸ் மங்கலாக இருந்தால் பரவாயில்லை, பாலிஷ் போடலாம். ரிஃப்ளெக்டர் போயிருந்தால் வேண்டாம்
- உயரம் மாற்றும் மோட்டார் இருக்கிற மாடல் என்றால் அது வேலை செய்கிறதா?
- பில் கேட்டு வாங்க வேண்டும். திருட்டுப் பொருளாக இருந்தால் வாங்கியவருக்கும் தலைவலி

இன்னொரு எச்சரிக்கை: வெளிநாட்டு ஆன்லைன் தளங்களில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் செட், வலது பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்கானதாக இருக்கலாம். இந்தியாவில் நாம் இடது பக்கம் ஓட்டுவதால், டிம் வெளிச்சம் இடது ஓரமாகக் கொஞ்சம் மேலே ஏறி நடைபாதையைக் காட்டும். அந்த செட்டில் இது தலைகீழாக இருக்கும். எதிரே வருபவர் கண்ணிலேயே அடிக்கும்.

கடைசியாக அலைன்மென்ட்: மறந்துவிடும் முக்கிய வேலை

பல்பு, லென்ஸ், செட் என எதை மாற்றினாலும் அலைன்மென்ட் பார்க்காமல் வேலை முடியாது. சமதளத் தரையில், சுவரில் இருந்து 5 மீட்டர் தள்ளி காரை நிறுத்த வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்கணும். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரணும். உள்ளே உயரம் மாற்றும் திருகு இருந்தால் அதை 0இல் வைக்கணும்.

ஹெட்லைட்டின் நடுப்பகுதி தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் டேப் ஒட்ட வேண்டும். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு, டேப்புக்கு சுமார் 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும், அது சரிதான். செட்டின் பின்னால் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி இதை மாற்றலாம். ஸ்க்ரூ டிரைவர் தவிர வேறு செலவில்லை.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

வயசானதால் மங்கிய லைட்டுக்குக் கிடைக்காது. தேய்மானம் காப்பீட்டில் வராது. விபத்தில் உடைந்தால் கிளெய்ம் செய்யலாம். ஆனால் தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி எடுக்காதவர்களுக்கு பிளாஸ்டிக் பாகங்களில் 50 சதவீதம் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். கூடவே, கிளெய்ம் செய்யாததற்காகக் கிடைக்கும் 20 முதல் 50 சதவீத பிரீமியம் சலுகையும் போய்விடும். ஒரு ஹெட்லைட்டுக்காக கிளெய்ம் போடுவது பல நேரங்களில் நஷ்டக் கணக்குதான்.

15 வருஷம் முடிந்த சொந்த காருக்கு ஆர்சி புதுப்பிக்கும்போது வாகனம் பரிசோதிக்கப்படும், அதில் லைட்டும் அடக்கம். அந்த நேரத்தில் அவசரமாகக் கிடைத்த விலைக்கு வாங்கி மாட்டுவதைவிட, ஒரு மாதம் முன்பே பார்த்துவிடுவது பர்ஸுக்கு நல்லது.

சுருக்கமாக: எந்த வரிசையில் செலவு பண்ணணும்?

1. எர்த், கப்ளர் சுத்தம் செய்து, அலைன்மென்ட் பார்ப்பது – செலவு இல்லை
2. பல்பு ஜோடி – சுமார் 300 முதல் 600 ரூபாய்
3. வோல்டேஜ் குறைந்தால் ரிலே செட் – சுமார் 500 முதல் 1,000 ரூபாய்
4. கிளியர் கோட்டோடு லென்ஸ் பாலிஷ் – சுமார் 1,000 முதல் 2,500 ரூபாய்
5. ரிஃப்ளெக்டர் போயிருந்தால் மட்டும் முழு செட்

விலைகள் மாடலுக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். ஆனால் வரிசை மாறாது. ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு, ராத்திரி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, போதும் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.